மாதம் ஒரு பாட்டு ராத்திரி: கஃபே, மொட்டை மாடி, மினி ஹால், குப்பம்... எங்கே ஆரம்பிக்கலாம்?

மாதம் ஒரு சனிக்கிழமை. மூன்று பேர், ஆளுக்கு நாலு பாட்டு, அதில் குறைந்தது இரண்டு சொந்தப் பாட்டாக இருக்கணும். இதுதான் திட்டம். சென்னையில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் எல்லோரும் முதலில் முட்டி நிற்பது இடத்தில்தான், நாங்களும் அங்கேதான் நின்றோம். ஒவ்வொரு இடத்தையும் நான் இரண்டு கேள்வி வைத்துத்தான் பார்க்கிறேன்: பாடினவர் வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஏதாவது இருக்குமா, பாடும்போது அவரை யாராவது காது கொடுத்துக் கேட்டார்களா.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கஃபே. நாற்காலி, விளக்கு, ஏசி, கழிப்பறை எல்லாம் தயாராக இருக்கும், வாடகையும் கேட்க மாட்டார்கள். ஆனால் சனிக்கிழமை அவர்களுக்கு ஏற்கெனவே கூட்டம் இருக்கும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது செவ்வாயோ புதனோதான். பாடுகிறவருக்கு ஒரு காபியும் சாண்ட்விச்சும் தருவார்கள், 'நல்ல விளம்பரம் கிடைக்குமே' என்பார்கள். கிண்டியிலிருந்து கிட்டார் பையோடு ஆட்டோவில் வந்து போகிற காசுக்கே அது காணாது. நாங்கள் நடத்திய ஒரு இரவில் ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றி எழுதிய பாட்டின் சரணத்துக்கு வந்தபோது உள்ளே மிக்ஸி ஓடியது, ஜூஸ் ஆர்டர். அவள் நிறுத்தாமல் பாடி முடித்தாள், அடுத்த மாதம் கூப்பிட்டபோது வரவில்லை. அது அவள் குற்றமில்லை, எங்கள் குற்றம். கஃபேதான் என்று முடிவெடுத்தால் இரண்டை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: பாட்டு நடக்கும்போது மிக்ஸி ஓடக்கூடாது, வாசலில் நாம் வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் முழுக்கப் பாடுகிறவருக்கே போகவேண்டும். இரண்டுக்கும் தலையாட்டும் முதலாளிகள் இருக்கிறார்கள், தேடணும்.

இன்னொன்று, கஃபேயில் 'ஒரு இளையராஜா பாட்டு பாடுங்களேன்' என்ற குரல் வராத நாளே இல்லை. ராஜா பாட்டு எனக்கும் உயிர்தான். ஆனாலும் சொந்தப் பாட்டுக்கென்று நடத்தும் இரவில் அந்தக் குரலுக்கு இடம் கொடுத்தால் மூன்றே மாதத்தில் அது லைட் மியூசிக் கச்சேரியாகிவிடும். அதோடு கட்டணம் வாங்கிக்கொண்டு சினிமாப் பாட்டு பாடினால், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் சேரவேண்டிய தொகையை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம் என்ற விஷயமும் கூடவே வரும்.

அடுத்தது மொட்டை மாடி. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வாடகை கிடையாது. நாற்பது பேர் ஜமுக்காளத்தில் உட்காரலாம், தண்ணீர்த் தொட்டிச் சுவர்தான் பின்திரை. சமையலறை பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மேலே இழுத்தால் மின்சாரம் ஆச்சு. நாற்பது பேருக்கு ஸ்பீக்கரே வேண்டாம் என்பது என் அனுபவம். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் மைக் இல்லாமலே கச்சேரி நடத்தியிருக்கிறார்கள், குரல் போய்ச் சேரத்தான் செய்கிறது. மைக் இல்லாவிட்டால் சட்டத் தொல்லையும் பாதி குறையும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்கவே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல்தான். ஒரு ஸ்பீக்கரும், மேலே உட்கார்ந்து தட்டும் கஹோன் பெட்டியும் சேர்ந்தால் அது சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும்.

வசூலுக்கு ஒரு எவர்சில்வர் சம்படம். மாடிப்படி இறங்குகிற இடத்தில் வைத்து, பக்கத்தில் க்யூஆர் அட்டையும் சாய்த்து வைத்துவிடுவோம். நாற்பது பேர் சராசரியாக நூறு போட்டால் நாலாயிரம். மூன்று பேருக்கும் ஆளுக்கு ஆயிரம், மிச்சம் டீ, சுண்டல், ஜமுக்காள வாடகை. எல்லோர் முன்னாலும் எண்ணி அங்கேயே கொடுத்துவிடணும். 'நாளைக்கு ஜிபே பண்றேன்' என்ற பேச்சே இருக்கக் கூடாது.

குறை என்றால் முதலில் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாடியை நம்ப முடியாது, பொங்கல் கழிந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். மழையைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மாடி என்பது யாரோ ஒருவரின் வீடு. வாட்ச்மேனைத் தாண்டி, லிஃப்ட் ஏறி, தெரியாத வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற எல்லோருக்கும் கால் வராது. ஒருமுறை வியாசர்பாடியிலிருந்து ஒரு கானா பாடகரை அழைத்திருந்தோம். அந்த அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து 'சாவு வீட்டில் பாடுகிற பாட்டு இங்கே வேண்டாம்' என்று முந்தின நாள் செய்தி வந்தது. இதை அவரிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'விடுங்கண்ணா, பழக்கம்தான்' என்றார். அந்தப் 'பழக்கம்தான்' இன்னும் என் காதில் இருக்கிறது.

மினி ஹாலைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஒலி நன்றாக இருக்கும், மேடை இருக்கும், மழை பயம் இல்லை. ஆனால் வாடகையை முன்பணமாகக் கட்டணும். அப்புறம் நூற்றைம்பது நாற்காலியில் முப்பது பேர் உட்கார்ந்தால் பாடுகிறவர் முகம் சுருங்கிவிடும். மார்கழியில் கேட்கவே வேண்டாம், சபாக் கச்சேரிகளுக்கே இடம் போதாது. ஒரு வருடம் ஓட்டி, நிலையாக நூறு பேர் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

கடற்கரைக் குப்பத்தில் வைக்கலாமே என்று உற்சாகமாகக் கேட்பவர்கள் உண்டு. பெசன்ட் நகரில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாதான் அவர்கள் மனதில் இருக்கும். கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்த விழா அது, எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசி நடத்திய விழா. மாதாமாதம் நாம் பாட்டுக்கு ஜெனரேட்டரோடு போய் இறங்க அது நம் இடம் கிடையாது. காவல்துறை அனுமதி, மைக்கில் அடிக்கும் கடல்காற்று, வாடகை சவுண்ட் செட் என்று செலவும் கையை மீறும். வருடத்துக்கு ஒருமுறை, அந்த ஊர்க்காரர்களே கூப்பிட்டால் போகலாம்.

கானா அண்ணன் விஷயத்தில் அன்று எங்களைக் காப்பாற்றியது யோசித்தே பார்க்காத ஓர் இடம். பெரம்பூரில் ஒரு பரதநாட்டிய வகுப்பு, தெருவைப் பார்த்த தரைத்தளம், ஏழு மணிக்கு மேல் காலி. டீச்சரிடம் கேட்டோம், மின்கட்டணமும் கூட்டிப் பெருக்கக் காசும் மட்டும் போதும் என்றார். ஷட்டரை முழுசாகத் தூக்கி வைத்தோம். டோலக் சத்தம் கேட்டு எதிர்ப்பக்க இஸ்திரிக் கடைக்காரர் வந்து நின்றார், பக்கத்து வீட்டுப் பாட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்தார். டிக்கெட்டும் இல்லை, லிஃப்டும் இல்லை. அந்த அண்ணன் நாலு பாட்டுக்கு வந்தவர் ஏழு பாடினார்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நடன வகுப்பு, டியூஷன் சென்டர், தையல் பள்ளி, எதுவானாலும் தரைத்தளமாகப் பாருங்கள் என்கிறேன். மாடி கிடைத்தால் தையிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றி நடத்துங்கள், மழை தொடங்கியதும் தரைத்தளத்துக்கு வந்துவிடுங்கள். ஐபிஎல் மாதங்களில் ஏழரை மணிக்கு முன்பே முதல் பாட்டைத் தொடங்கிவிடுங்கள். சம்படத்தை மட்டும் கதவுக்கு வெளியே வைக்காதீர்கள், உள்ளே பாடுகிறவருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். போடுகிறவர் அவர் முகத்தைப் பார்த்துப் போடுவார், ஒரு வார்த்தையும் பேசிவிட்டுப் போவார்.