பாளையங்கோட்டையில் விமான விபத்து விசாரணை வகுப்பு: ஒரு மதிப்பீடு

தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டுள்ள நிலையில், பாளையங்கோட்டைத் தனியார் மையம் ஒன்று சனி, ஞாயிறுகளில் நடத்தும் விமான விபத்து விசாரணை வகுப்பு நம் பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்குப் பயனுள்ளது. குறைகளும் உண்டு.

வகுப்பின் உயிர்நாடி கோழிக்கோட்டு விபத்தின் இறுதி அறிக்கையே. 2020 ஆகஸ்ட் 7 அன்று கொட்டும் மழையில், பின்காற்றுடன் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகே தரையைத் தொட்டு, முனையைத் தாண்டிச் சரிந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். ‘விமானியின் தவறு’ என்று மாணவர்கள் எழுதிய விடையை ஆசிரியர் ஏற்கவில்லை. தரையிறங்காமல் மேலெழும்பச் சொன்ன துணை விமானியின் குரலைத் தலைமை விமானி ஏன் பொருட்படுத்தவில்லை, அந்த இளையவர் ஏன் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்கவில்லை, மறுநாள் காலை அங்கிருந்து வேறொரு விமானத்தை ஓட்டும் பொறுப்பு அதே தலைமை விமானிக்கு ஏன் வந்தது என்று அவர் கேட்டுக்கொண்டே போக, அங்கே போதிய தலைமை விமானிகளை நிறுவனம் வைத்திருக்கவில்லை என்ற பக்கத்துக்கு மாணவர்கள் தாமே வந்து சேர்ந்தார்கள். தரையிறங்கும் முதல் முயற்சியின்போது தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடி வைப்பர் நின்றுபோனதையும் ஆசிரியர் விட்டுவிடவில்லை.

பதிவுக் கருவிகள் பற்றிய அமர்வு ஏமாற்றம். கறுப்புப் பெட்டி உண்மையில் ஆரஞ்சு நிறம் என்பதைச் சொல்லவே பாதி நேரம் போயிற்று (இதை அறியாதவர் அங்கு யாருமில்லை). 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் கருவிகள் 2011 மே மாதம்தான் கிடைத்தன. அதன் பிறகே, நீருக்கடியில் கிடக்கும் பெட்டியைக் கண்டுபிடிக்க ஒலி எழுப்பும் நீரடி ஒலிக்குறிக் கருவியின் ஆயுளை 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்தினார்கள். விசாரணை முறை எப்படித் திருந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? வகுப்பில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்னும் பன்னாட்டு விதியும் கடைசி அமர்வில்தான் வந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

கட்டணத்துக்குக் குறைவில்லாத வகுப்புதான். ஆனால் தருகிற ஒளிநகலில் வரைபடங்கள் தெளிவாக இல்லை. விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் இணையதளத்தில் கோழிக்கோட்டு விபத்தின் அறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. சேர விரும்புவோர் முன்பே தரவிறக்கிப் படித்துவிட்டுப் போவது நல்லது.