அல்டெப்ளேஸா, டெனெக்டெப்ளேஸா? பக்கவாத ஊசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துப்போகின்றன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் போட்ட கணக்கு இது. வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சுக் குழறிப் போகிறவரைப் பார்க்கும்போது நம் மனதில் ஓட வேண்டிய கணக்கும் இதுதான். அந்த அடைப்பைக் கரைக்க இன்று இரண்டு ஊசி மருந்துகள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று முப்பது வருடப் பழக்கமுள்ள அல்டெப்ளேஸ். இன்னொன்று அதன் மூலக்கூறையே கொஞ்சம் மாற்றிச் செய்த டெனெக்டெப்ளேஸ்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைப்பைக் கரைக்கும் வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளுக்கு அந்த வித்தியாசமே பெரிது என்பதால் என் ஓட்டு டெனெக்டெப்ளேஸுக்கு.

அல்டெப்ளேஸ் வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் அதன் மேல் மருத்துவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை புரியும். 1990-களில் ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்புக்கு நம்மூரில் நெடுங்காலம் போட்ட அதே மருந்துதான். மூளைக்குள் ரத்தக்கசிவு அதிகமாகி அந்த ஆய்வுகள் பாதியிலேயே நின்றன. அந்தச் சமயத்தில்தான் 1995 டிசம்பரில் அமெரிக்காவின் என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வு வெளியானது. 624 நோயாளிகள், எல்லாரும் 3 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். அல்டெப்ளேஸ் பெற்றவர்களில், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தவர்கள் மற்றவர்களைவிட 30 சதவீதமாவது கூடுதல். அதற்கு ஒரு விலையும் இருந்தது. மூளை ரத்தக்கசிவு 6.4 சதவீதம் பேருக்கு வந்தது. மருந்து பெறாதவர்களில் 0.6 சதவீதம்தான். ஆனாலும் மரணம் கூடவில்லை. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2008-ல் ஐரோப்பாவின் எக்காஸ் 3 ஆய்வு காலக்கெடுவை 4.5 மணி நேரமாக நீட்டியது. பக்கவாதம் வந்தால் படுக்கையில் போட்டுப் பார்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்றிருந்த நிலை இந்த மருந்தால்தான் மாறியது. அதற்கான மரியாதையை அல்டெப்ளேஸுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, அதில் என்ன சிரமம்? உடலில் அதன் ஆயுள் மிகக் குறைவு. ஐந்து நிமிடத்துக்குள் ரத்தத்தில் பாதி அளவு காணாமல் போய்விடும். அதனால் ஒரே தள்ளாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்குப் போட்டு, அதில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகத் தள்ளி, மிச்சத்தை ஒரு மணி நேரம் பம்ப் வழியாக ஏற்ற வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் என்றால் மொத்தம் 63 மில்லிகிராம்; முதலில் 6.3, அப்புறம் 56.7. முதல் ஊசிக்கும் பம்ப் ஓடத் தொடங்குவதற்கும் நடுவே தாமதமானால் ரத்தத்தில் மருந்தின் அளவு விழுந்துவிடும். மருந்து தீர்ந்தது என்று பம்ப் கத்தும்போது டியூபுக்குள் இன்னும் கொஞ்சம் மருந்து நிற்கும். சலைன் விட்டு அதையும் உள்ளே தள்ளாவிட்டால் நோயாளிக்கு முழு டோஸ் போய்ச் சேராது. நள்ளிரவில், ஒரு நர்ஸ் நாலு பேரைக் கவனிக்கும் கேஷுவாலிட்டியில் இதெல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டெனெக்டெப்ளேஸில் அதே புரதத்தை மூன்று இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். அதனால் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். முதற்கட்ட அரை ஆயுளே 20 நிமிடத்துக்கு மேல். ரத்தக்கட்டியில் இருக்கும் ஃபைப்ரினோடு இன்னும் குறிப்பாக ஒட்டும். அதைச் செயலிழக்கச் செய்ய உடல் சுரக்கும் பொருளுக்கும் எளிதில் மடங்காது. டோஸ் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 25-க்கு மேல் போகக் கூடாது. அதே 70 கிலோ ஆளுக்கு 17.5 மில்லிகிராம். கரைத்தால் மூன்றரை மில்லிலிட்டர். ஐந்து நொடியில் தள்ளி முடித்துவிடலாம். பம்ப் வேண்டாம், ஒரு மணி நேரக் காவல் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லைனில் போட்டால் மருந்து திரிந்துவிடும். லைனைச் சலைன் விட்டுக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். வந்தவுடன் குளூக்கோஸ் பாட்டில் மாட்டிவிடும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கனடாவில் 22 மருத்துவமனைகளில் நடந்த ஆக்ட் ஆய்வு 2022-ல் வெளியானது. 1577 பேரின் முடிவை வைத்து அலசியது. ஊனமின்றி மீண்டவர்கள் டெனெக்டெப்ளேஸில் 36.9 சதவீதம், அல்டெப்ளேஸில் 34.8. ரத்தக்கசிவு 3.4-க்கு 3.2. அடுத்த வருடம் சீனாவின் டிரேஸ் 2 ஆய்விலும் 62-க்கு 58 என்று புது மருந்து கொஞ்சம் மேலே நின்றது. இந்தச் சில புள்ளிகளை வைத்து புது மருந்துதான் சிறந்தது என்று கொடி பிடிக்க முடியாது. எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இவ்வளவு எளிதாகக் கொடுக்கக்கூடிய மருந்துக்கு அதுவே போதும். பெரிய குழாய் அடைத்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. 2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்த ஓட்டம் திரும்பியவர்கள் டெனெக்டெப்ளேஸில் 22 சதவீதம், அல்டெப்ளேஸில் 10.

இந்த மருந்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது டோஸ். பெரிய குழாய் அடைப்பில் 0.4 மில்லிகிராம் வரை கூட்டிப் பார்த்தும் 0.25-ஐவிடப் பலன் ஏறவில்லை. நார்வேயில் மிதமான, கடுமையான பக்கவாதக்காரர்களுக்கு அதே 0.4 கொடுத்தபோது ரத்தக்கசிவு 6 சதவீதம் ஆனது. அல்டெப்ளேஸில் 1 சதவீதம்தான். மரணங்களும் கூடியதால் ஆய்வை நிறுத்தினார்கள். சிக்கல் என்னவென்றால், அதே மருந்து மாரடைப்புக்கும் உண்டு; அங்கே டோஸ் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 30 முதல் 50 மில்லிகிராம். மாரடைப்புக்குப் போட்டுப் பழகிய கை, அவசரத்தில் பக்கவாதக்காரருக்கும் அதே அளவை எடுத்துவிட்டால் விபரீதம். பக்கவாதத்துக்கென்றே 25 மில்லிகிராம் குப்பி ஐரோப்பாவில் 2024-ல் வந்தது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் உதவும். இங்கே பக்கவாத டோஸ் அட்டவணையைக் கேஷுவாலிட்டி சுவரில் பெரிதாக ஒட்டி வைப்பது பைசா செலவில்லாத வேலை. எல்லா மருத்துவமனையும் செய்யலாம்.

இந்தியாவின் நிலை கொஞ்சம் வேறு. அமெரிக்கா டெனெக்டெப்ளேஸைப் பக்கவாதத்துக்கு அனுமதித்தது 2025 மார்ச்சில்தான். புனேயின் ஜெனோவா நிறுவனம் தயாரிக்கும் டெனெக்டெப்ளேஸ் அதற்குப் பல வருடம் முன்பே இங்கே அந்த அனுமதியைப் பெற்றுவிட்டது. அதற்குரிய டோஸ் கிலோவுக்கு 0.2, உச்ச அளவு 20. உள்நாட்டிலேயே தயாராவதால் விலையும் அல்டெப்ளேஸைவிடக் குறைவு. கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

என்னை முழுசாகப் புது மருந்துப் பக்கம் சாய்த்தது ஆம்புலன்ஸ் பயணம்தான். சிறிய ஊர் மருத்துவமனையில் சிடி எடுத்து, ஊசி போட்டு, பெரிய ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். அல்டெப்ளேஸ் என்றால் பம்ப் ஓடும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப்போடும் அதைக் கவனிக்கத் தெரிந்த ஆளோடும் வண்டியை அனுப்ப வேண்டும். டெனெக்டெப்ளேஸ் என்றால் ஊசி போட்ட கையோடு கிளம்பலாம். இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பெரிய அடைப்பென்றால் எந்த ஊசியும் பல நேரம் போதாது. தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்க வேண்டியிருக்கும். 2015-ல் வெளியான நெதர்லாந்தின் மிஸ்டர் கிளீன் ஆய்வில், அந்தச் சிகிச்சையோடு சேர்த்துப் பார்க்கப்பட்டவர்களில் 32.6 சதவீதம் பேர் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19.1. அந்த வசதி பெரிய நகரங்களில்தான் அதிகம். ஆகவே வழியில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளிக்கு லாபம்.

ஒரு இடத்தில் மட்டும் பழைய மருந்து கை ஓங்கி நிற்கிறது. தூங்கி எழும்போதே கை கால் விழுந்திருந்து, எப்போது வந்தது என்றே தெரியாதவர்களுக்கு, எம்.ஆர்.ஐ. பார்த்துத் தேர்ந்தெடுத்து அல்டெப்ளேஸ் கொடுத்ததில் பலன் தெரிந்தது. 2018-ல் வெளியான வேக் அப் ஆய்வு அது. சாதாரண சிடியை மட்டும் நம்பி டெனெக்டெப்ளேஸ் கொடுத்துப் பார்த்த ட்விஸ்ட் ஆய்வில் பலன் நிரூபணமாகவில்லை. இதில் ஸ்கேனுக்கும் பங்குண்டு என்பதால் மருந்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் இந்த நோயாளிகள் விஷயத்தில், இந்த இரண்டு ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் ஆதாரம் அல்டெப்ளேஸ் பக்கம்தான்.

வீட்டில் யாருக்காவது இது வந்தால், எந்த மருத்துவமனையில் எந்த ஊசி இருக்கிறது என்று தேடி அலையாதீர்கள். இரவிலும் சிடி ஓடும் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா, எடை எவ்வளவு என்ற மூன்றையும் போகும் வழியிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அல்டெப்ளேஸ்தான் இருக்கிறது என்றால் அதையே உடனே போடச் சொல்லுங்கள்.