லாரி எங்கே நிற்கும்? பிரெக்ஸிட் வழிகள் ஓர் ஒப்பீடு

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் வாக்காளரின் கையில் இருந்த சீட்டில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கலாம், அல்லது வெளியேறலாம். 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள், 48.1 சதவீதம் பேர் நீடிக்கலாம் என்றார்கள். வெளியேறி எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மூன்றரை ஆண்டுகள் அந்த நாட்டைப் பிடித்து ஆட்டிய சண்டையில் பாதிக்கு மேல் இந்தக் கேட்காத கேள்வியைப் பற்றியதுதான். நீடிக்க விரும்பியவர்கள் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, வெளியேற விரும்பியவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டைதான் கடைசியில் முடிவைத் தீர்மானித்தது.

அந்தச் சண்டையில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. நார்வே வழி, சுவிஸ் வழி, துருக்கி வழி, கனடா வழி. எந்த நாட்டின் பெயரும் இல்லாத வழியும் ஒன்று இருந்தது: ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறுவது. இவற்றை அருகருகே வைத்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். சட்டத்தை எழுதுவது யார்? வந்து குடியேறலாம் என்ற உரிமை யாருக்கு? சரக்கு லாரி எங்கே நிற்கும்? முதல் இரண்டையும் மேடைக்கு மேடை பேசினார்கள். மூன்றாவதைப் பிரசாரத்தில் பெரும்பாலும் யாரும் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டமும் முட்டிக்கொண்டு நின்றது அந்த மூன்றாவது கேள்வியில்தான்.

நார்வே: சந்தை உண்டு, வாக்கு இல்லை

நார்வே மக்கள் 1972-இலும் 1994-இலும் ஐரோப்பாவில் சேர மறுத்தவர்கள். இரண்டாவது முறை மறுத்தவர்கள் 52.2 சதவீதம், அதாவது பிரிட்டன் பிற்பாடு பெற்ற அதே அளவு மெல்லிய பெரும்பான்மை. ஆனால் மறுத்த கையோடு கதவைச் சாத்திவிடவில்லை. ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பு என்ற ஏற்பாட்டின் மூலம் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறார்கள். சரக்கு, சேவை, முதலீடு, தொழிலாளர் ஆகிய நான்கும் தடையின்றிப் போய்வரலாம். மீன்வளமும் வேளாண்மையும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. மீன்பிடி உரிமைக்காக உரக்கக் குரல் கொடுத்த பிரிட்டன் அரசியல்வாதிகள் இதைக் கவனித்திருக்கலாம். பொருளாதாரத்தின் பெரும்பகுதி சேவைத் துறையாக இருக்கும் ஒரு நாட்டுக்கு, லண்டன் வங்கிகள் பாரிஸிலும் மிலானிலும் தனி உரிமம் இல்லாமல் தொழில் செய்யும் வசதி தொடர்வது சின்ன லாபமும் அல்ல.

விலை என்ன? சந்தையின் விதிகள் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் எழுதப்படும். அவற்றின் மீது வாக்களிக்க நார்வேக்கு இடமில்லை. அமல்படுத்தும் கடமை மட்டும் உண்டு. சட்டம் பேக்ஸில் வந்து இறங்கும் என்பதால் இதைப் "பேக்ஸ் ஜனநாயகம்" என்று நார்வேக்காரர்களே கேலி செய்வார்கள். பணமும் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றியத்தின் குடிமக்கள் வந்து வேலை செய்யும் உரிமை அப்படியே தொடரும். லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் பகுதியில் 75.6 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். நாட்டிலேயே அதுதான் உச்சம். காய்கறிப் பண்ணைகளும் பொதிகட்டும் கூடங்களும் நிறைந்த அந்தப் பகுதிக்கு 2004-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏராளமானோர் வேலைக்கு வந்திருந்தார்கள். அந்த வாக்காளரிடம் நார்வே வழியை நீட்டினால், "நான் கேட்டதில் எதைக் கொடுத்தீர்கள்?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு நார்வே வழியின் ஆதரவாளர்களிடம் நேர்மையான பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

லாரி விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, ஆனால் தங்களுக்குள் வரி இல்லாமல் வெளிநாட்டுப் பொருளுக்கு எல்லாரும் ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியத்தில் இல்லை. ஆகவே ஸ்வீடன் எல்லையில் ஸ்வீனெசுண்ட் பாலத்தருகே லாரிகள் சுங்கத்துக்காக நின்றுதான் போகின்றன. இரு நாட்டு அதிகாரிகளும் ஒத்துழைத்து வேகமாக முடித்தாலும் எல்லை எல்லைதான்.

சுவிஸ் வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1992-இல் 50.3 சதவீத வாக்கில் பொருளாதாரப் பரப்பை நிராகரித்த சுவிட்சர்லாந்து, அதன்பின் துறைக்கு ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் போட்டு ஒரு ஒட்டுத்துணி உறவைத் தைத்துவைத்திருக்கிறது. இப்படி இன்னொன்று வேண்டவே வேண்டாம் என்பது பிரஸ்ஸல்ஸின் நிலை. விற்க ஆள் இல்லாத பொருளுக்கு விலை பேசிப் பயனில்லை.

துருக்கி: வரி இல்லை, பேரமும் இல்லை

துருக்கி 1995-இன் இறுதி நாளிலிருந்து ஒன்றியத்துடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. தொழிற்சாலைப் பொருள்களுக்கு இடையே வரி கிடையாது. வெளிநாட்டுப் பொருளுக்கு இரு தரப்பும் ஒரே வரி. குடிபெயர்வு உரிமை இதில் சேராது. அதனால் பாஸ்டன் வாக்காளருக்குப் பதில் உண்டு. சண்டர்லாந்தின் நிசான் கார் ஆலைக்கும் பதில் உண்டு. ஒரு காரின் பாகங்கள் முழு வண்டியாவதற்குள் ஆங்கிலக் கால்வாயைப் பலமுறை கடக்கக்கூடும். இந்தப் பாகம் எந்த நாட்டில் விளைந்தது என்று சான்று காட்டும் தொல்லை சுங்க ஒன்றியத்துக்குள் இல்லை.

ஆனால் இதன் உள்குத்து கொடுமையானது. ஒன்றியம் மூன்றாம் நாடு ஒன்றுடன் ஒப்பந்தம் போட்டால், அந்நாட்டுப் பொருளுக்குத் துருக்கியும் வரியைக் குறைக்க வேண்டும். ஆனால் அந்த நாடு துருக்கிப் பொருளுக்குக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேரம் நடக்கும் மேசையில் துருக்கிக்கு நாற்காலியும் இல்லை. உலகின் மிகப் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றான பிரிட்டன் இந்த இடத்தில் போய் உட்காருவதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. லாரியாவது நிற்காமல் போகுமா என்றால், அதுவும் இல்லை. பல்கேரிய எல்லையில் கபிகுலே சாவடியில் துருக்கி லாரிகளின் வரிசை பெயர் பெற்றது. வரி நீங்கினாலும் போக்குவரத்து அனுமதியும் தரச் சோதனையும் மிஞ்சுகின்றன.

கனடா: நடுவில் கடல் இருந்தால் சரி

சுதந்திரமாகச் சட்டம் எழுத விரும்பியவர்கள் கனடாவைக் காட்டினார்கள். 2009-இல் தொடங்கி 2016-இல் கையெழுத்தான தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் அது. கடைசி நேரத்தில் பெல்ஜியத்தின் வலோனியா வட்டாரம் மட்டும் தனியாக நின்று அதை இழுத்தடித்தது. வரிகள் ஏறத்தாழ முழுமையாக நீங்கும். குடிபெயர்வு இல்லை, கட்டணம் இல்லை, ஐரோப்பிய நீதிமன்றம் இல்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கும் வெளியேற விரும்பியவர்கள் கேட்ட பதில் அப்படியே இதில் கிடைக்கிறது.

மூன்றாவதில்தான் சிக்கல். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே அட்லாண்டிக் இருக்கிறது. கப்பல் நாள்கணக்கில் மிதந்து வரும்போது ஆவணங்கள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடும். ஒரு நாள் தாமதம் பெரிதாக வலிக்காது. பிரிட்டனின் டோவருக்கும் பிரான்ஸின் கலேவுக்கும் இடையே படகுப் பயணம் ஒன்றரை மணி நேரம். பரபரப்பான நாளில் பத்தாயிரம் லாரிகள் வரை கடக்கும் பாதை அது. காலையில் ஸ்காட்லாந்தில் பிடித்த சிங்கி இறால் மறுநாள் பிரெஞ்சுச் சந்தையில் உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குக் கால்நடை மருத்துவரின் சான்றும் சுங்கப் படிவமும் கேட்டால், வரி பூஜ்யமாக இருந்தும் வியாபாரம் கெடும். இது கற்பனை இல்லை. பிரிட்டன் கடைசியில் தேர்ந்தது ஏறத்தாழ கனடா வழியைத்தான். 2020 டிசம்பர் 24 அன்று பேசி முடித்து ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. மூன்றே வாரத்தில் கடலுணவு ஏற்றுமதியாளர்கள் தங்கள் லாரிகளைக் கொண்டுவந்து லண்டனில் நாடாளுமன்றத்தின் அருகே நிறுத்திப் போராடினார்கள்.

ஒப்பந்தமே இல்லாத வழி? காருக்கு 10 சதவீத வரி, பால் பொருள்களுக்கு அதைவிடப் பல மடங்கு. பேரம் பேசும்போது மிரட்டக் கையில் வைத்திருக்கலாம் என்றார்கள். 2019 மார்ச்சில் மக்களவை இதை 400-க்கு 160 என்று தள்ளியது. மிரட்டலாகவும் அது எடுபடவில்லை.

வயல்வெளியில் ஓடும் எல்லை

இந்த வழிகளை எல்லாம் வரிசையாக வைத்து ஒன்றைத் தேர்ந்தால் போதும் என்றிருந்தால் விவகாரம் 2017-லேயே முடிந்திருக்கும். முடியாமல் செய்தது அயர்லாந்து. வடக்கு அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. 200-க்கு மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. வடக்கு அயர்லாந்தின் நீண்ட வன்முறையை முடித்துவைத்த 1998-இன் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு காவல் கோபுரங்கள் அகற்றப்பட்டன. வடக்கில் கறக்கும் பாலில் கணிசமான பகுதி தெற்கே உள்ள ஆலைகளுக்கு லாரியில் போகிறது. அந்த லாரியை நிறுத்தும் கொட்டகை ஒன்றைக் கட்டினாலே பழைய காயம் திறக்கும் என்று இரு தரப்பும் அஞ்சின.

நிறுத்தாமல் இருக்க ஒரே ஏற்பாடு, நார்வேயும் துருக்கியும் சேர்ந்த கலவை: ஒற்றைச் சந்தையின் சரக்கு விதிகளும் சுங்க ஒன்றியமும். அப்போதைய பிரதமர் தெரசா மே இதை முழு பிரிட்டனையும் ஒரே சுங்க எல்லைக்குள் வைத்து, வடக்கு அயர்லாந்துக்குக் கூடுதல் விதிகள் சேர்த்து, பேக்ஸ்டாப் என்ற பெயரில் காப்பு ஏற்பாடாகக் கொண்டுவந்தார். 2019 ஜனவரி 15 அன்று 432-க்கு 202 என்று தோற்றார். ஓர் அரசு மக்களவையில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் வேறு வழி கண்டார். வடக்கு அயர்லாந்தை மட்டும் ஐரோப்பிய விதிகளுக்குள் விட்டுவிட்டு, மற்ற பிரிட்டன் கனடா வழியில் போகலாம். எல்லை அயர்லாந்துக் கடலுக்கு நகர்ந்தது. லாரி இப்போது வடக்கு அயர்லாந்தின் லார்ன், பெல்பாஸ்ட் துறைமுகங்களில் நின்றது, அதாவது சொந்த நாட்டுக்குள்ளேயே. வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்னும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி இதை ஏற்கவில்லை. அதன் புறக்கணிப்பால் 2022 முதல் இரண்டு ஆண்டுகள் வடக்கு அயர்லாந்தின் வட்டார அரசே இயங்கவில்லை. கடல் தாண்டி வரும் தொத்திறைச்சிக்கும் தொட்டிச் செடிக்கும் சோதனை வேண்டுமா என்று நடந்த அந்தத் தகராறு, சோதனைகளைக் குறைத்த 2023-இன் வின்ட்சர் ஏற்பாட்டுக்குப் பிறகுதான் தணியத் தொடங்கியது.

எனவே 2019 ஏப்ரல் 1 அன்று மக்களவையில் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். சுங்க ஒன்றியம் 273-க்கு 276 என்று மூன்றே வாக்கில் தோற்றது. நார்வேயையும் சுங்க ஒன்றியத்தையும் சேர்த்த திட்டம் 261-க்கு 282. மறுவாக்கெடுப்பு 280-க்கு 292. அந்தக் கலவைத் திட்டத்தை முன்மொழிந்த நிக் போல்ஸ், தன் கட்சி விட்டுக்கொடுக்க மறுக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டுக் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு விலகினார். பழி அவர் கட்சிக்கு மட்டும் உரியதல்ல. எப்படியும் மறுவாக்கெடுப்பு வரும், எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம் என்று நம்பிய நீடிப்பு ஆதரவாளர்கள் சிலர், சுங்க ஒன்றியத்துக்குக் கை கொடுக்க மறுத்தார்கள். முழுதும் வேண்டும் என்று கேட்டுப் பாதியையும் விட்டார்கள். 52-க்கு 48 என்று பிளந்த ஒரு நாட்டுக்கு முதல் கட்டமாக அந்தக் கலவைதான் பொருந்தியிருக்கும் என்பது என் தீர்ப்பு. அதில் சட்ட உரிமை குறைவு, பெருமையும் குறைவு. ஆனால் லாரி ஓடியிருக்கும், கடலில் எல்லை வந்திருக்காது.

தேர்ந்த வழி சொன்னதையாவது கொடுத்ததா? ஒன்றியத்திலிருந்து தடையின்றி வருவது நின்றது. ஆனால் 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பகுதி இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளின் மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களும். கதவின் சாவி லண்டனுக்கு வந்தது உண்மை. கதவை அகலத் திறந்ததும் லண்டன்தான். உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அரசின் சுயேச்சையான நிதிக் கணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. மீன்வளத்தில் மீட்டதாகச் சொன்னதும் முழுமையாக இல்லை. 2025 மே மாதம் பிரதமர் கியர் ஸ்டார்மர் ஐரோப்பியப் படகுகளின் அனுமதியை 2038 வரை நீட்டித்தார். அதற்குப் பதிலாக உணவுப் பொருள் சோதனையைக் குறைக்கும் உடன்பாட்டுக்கு வழி பிறந்தது. ஒற்றைச் சந்தையும் சுங்க ஒன்றியமும் வேண்டாம் என்பதில் அப்போது அவர் உறுதியாக இருந்தார்.

சுங்க ஒன்றியத்துக்குத் திரும்பலாம் என்ற பேச்சு அங்கே மறுபடி எழும்போதெல்லாம் எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும் ஆவணம் ஒன்று நமக்கும் உரியது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டன் பிரதமரின் நாட்டுப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் இந்தியாவுடன் பிரிட்டன் போட்ட வர்த்தக ஒப்பந்தம் அது. 2018-இல் மே தன் சமரசத் திட்டத்தை வைத்து அமைச்சர்களை இழந்த அதே மாளிகை. பிரிட்டன் சந்தையில் வரியில்லாமல் நுழைந்த வங்கதேச ஆடைகளுடன் வரி கட்டிப் போட்டியிட்ட திருப்பூர் பின்னலாடைக்கு இந்த ஒப்பந்தம் பெரிய வாய்ப்பு. சுங்க ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் லண்டன் இதில் தனியாகக் கையெழுத்திட்டிருக்க முடியாது. நாளை திரும்பிப் போனால், இந்திய ஆடைக்கான வரியை மறுபடி பிரஸ்ஸல்ஸ் தான் முடிவு செய்யும்.