திருவாரூர் மாவட்டத்துக் கபடிப் பயிற்சி விடுதி: பயிற்சி நன்று, படிவத்தின் 9-ஆம் விதி தவறு

திருவாரூர் மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்காக இயங்கிவரும் ஒரு தனியார் கபடிப் பயிற்சி விடுதியைப் பற்றிய மதிப்புரை இது. அங்கே நடந்த அடிதடி ஒன்று இப்போது காவல் நிலையத்தில் வழக்காக இருப்பதால் விடுதியின் பெயரையும் ஊரையும் குறிப்பிடவில்லை. என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே அங்கு தங்கிப் பயிற்சி பெற்றுவந்தான். உள்ளூரில் அவனுக்குப் பொறுப்பாளர் நான்தான் என்பதால், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டதும் கட்டணம் செலுத்தியதும் அந்த இரவில் மருத்துவமனைக்குச் சென்றதும் நானே.

முதலில் பயிற்சியைச் சொல்ல வேண்டும். அது உண்மையிலேயே தரமானது. வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கம் வென்று வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கபடிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் பெருகிவிட்டனர். சம்பா அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையனுக்குச் செயற்கை விரிப்பில் நிற்பதே தனிப் பாடம். இந்த விடுதியில் முழு அளவிலான விரிப்பு இருக்கிறது. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் களத்தில், 30 விநாடிக்குள் பாடிச் சென்று திரும்புவதைக் கடிகாரம் வைத்தே பழக்குகிறார்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆடிய அனுபவமுள்ள பயிற்சியாளர், கணுக்கால் பிடியைக் கற்றுத் தரும்போது தாமே தரையில் படுத்து, விரல் எங்கே கோக்கப்பட வேண்டும், தோள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று காட்டுகிறார். பாடி வருபவரின் வாயைப் பொத்துவதும், கால்களால் கத்தரிபோல் கவ்விப் பிடிப்பதும், காயம்படும்படி முரட்டுத்தனமாகப் பிடிப்பதும் விதிக்குப் புறம்பானவை என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார். பச்சை அட்டைக்கு எச்சரிக்கை, மஞ்சள் அட்டைக்கு 2 நிமிட வெளியேற்றம், சிவப்பு அட்டைக்கு ஆட்டத்திலிருந்தே நீக்கம் என்ற ஒழுங்கு பயிற்சி ஆட்டங்களிலும் கடைப்பிடிக்கப்படுகிறது.

சாப்பாடு போதுமானது: காலையில் முட்டையும் சுண்டலும், வாரத்தில் சில நாள் கறியோ மீனோ கிடைக்கும். தங்கும் அறைகள் நெரிசலாக இருந்தாலும் தூய்மையாக உள்ளன. மாதம் 6,500 ரூபாய்க்கு இவையெல்லாம் நியாயமானவையே. மதிப்புரை இத்துடன் முடிந்திருந்தால் எந்தப் பெற்றோருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைத்திருப்பேன்.

சேர்க்கையின்போது 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி வாங்குகிறார்கள். நேரத்துக்கு எழுவது, கைப்பேசியை ஒப்படைப்பது, சொல்லாமல் வெளியூர் ஆட்டங்களுக்குப் போகாமலிருப்பது என்று எட்டு விதிகள் வரிசையாக வருகின்றன. அவற்றின் கீழே 9-ஆவதாக, "வளாகத்தினுள் ஏற்படும் எந்தக் காயம் குறித்தும் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ முறையிட மாட்டேன், நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கபடியில் அடிபடுவது இயல்பு என்பதால், விளையாட்டுக் காயத்தைத்தான் இது குறிக்கிறது என்று கையெழுத்திடும் பெற்றோர் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது தை மாத ஆட்டங்கள் முடிந்த ஓர் இரவில்தான் வெளிப்பட்டது.

அன்று வெளியூர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பிய அணியில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். விடுதிக்குக் கோப்பைகளைக் குவித்துத் தந்தவர், பாடிச் செல்வதில் வல்லவர். தோல்விக்குக் காரணம் என் அக்கா மகனின் அறைத்தோழன்தான் என்று தூங்கப்போன அந்தப் பையனைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்து முகத்தில் திரும்பத் திரும்பக் குத்தியிருக்கிறார். ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. அங்கே விரிப்பும் இல்லை, நடுவரும் இல்லை. பையனின் கீழ்த்தாடை உடைந்தது.

அரசு மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, விடுதி மேலாளர் பணி மருத்துவரிடம், பயிற்சியின்போது தவறி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதாமல் பேனாவை மூடிவைத்துவிட்டு, பையனைப் பார்த்து, "தம்பி, நீயே சொல்லு, விழுந்தியா, யாரும் அடிச்சாங்களா?" என்று கேட்டார். வாயைத் திறக்க முடியாத அந்தப் பிள்ளை வலது கையை முஷ்டியாக மடக்கித் தன் தாடையருகே கொண்டுபோய்க் காட்டினான். தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாகப் பதிவேட்டில் ஏறியது அதனால்தான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரியே அடிப்படையாக அமைந்தது.

வெளியே வந்ததும் மேலாளர் என்னிடம் சொன்னது இது: "அண்ணே, அடிச்சவன் ஏழை வீட்டுப் புள்ள. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலை வர்ற நேரம். கேஸுன்னு ஒண்ணு விழுந்தா அவன் வாழ்க்கையே போயிடும்ணே. ஆஸ்பத்திரி செலவு மொத்தத்தையும் நாங்க பாத்துக்கிறோம். பையனோட அப்பாகிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." அடிபட்ட பையனின் தந்தை திருத்துறைப்பூண்டிப் பக்கம் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்பவர். அவர் வந்து சேர்வதற்கு முன்பே சமாதானப் பேச்சு தொடங்கியிருந்தது. அவரிடம் அந்த 9-ஆம் விதியைக் காட்டி, "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று நினைவூட்டவும் செய்தார்கள். தாடை உடைந்த மகனைப் பார்க்க ஓடிவந்த ஒரு தகப்பனிடம் அந்நேரத்தில் முத்திரைத்தாளை நீட்டியதை என்னால் மன்னிக்க இயலவில்லை.

அந்த விதி சட்டத்தின்முன் செல்லாது. குற்ற வழக்கைத் தொடராமல் அமுக்கிவிடுவதற்காகச் செய்யப்படும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு எதிரானது; 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 23-ஆம் பிரிவில், அத்தகைய ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. விளையாட்டில் காயம் ஏற்படுவதைச் சட்டம் அறியாமலும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பிய ஒருவர் தாமே இசைந்து ஈடுபடும் செயலில், மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கமோ, அவை நேரக்கூடும் என்ற அறிவோ இல்லாமல் தீங்கு நேர்ந்தால் அது குற்றமாகாது. பொழுதுபோக்காக வாள்வீச்சு ஆட இசைந்த இருவரையே அந்தப் பிரிவு எடுத்துக்காட்டாகத் தருகிறது. எனவே விதிக்குட்பட்ட பிடியில் கணுக்கால் முறிந்தால் யாரும் காவல் நிலையத்துக்குப் போகப்போவதில்லை. ஆனால் களத்தில் இறங்கும் பையன் பிடிக்கும் தள்ளுக்கும்தான் இசைகிறான். தாழ்வாரத்தில் வைத்துக் குத்தப்படுவதற்கு இசையவில்லை. எலும்பு முறிவு 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். வேண்டுமென்றே அதை விளைவித்தவருக்கு 117-ஆம் பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1999-இல் அமெரிக்காவின் விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் பந்துவீச்சாளர் ஒருவர், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, களத்தின் ஓரத்தில் தன் முறைக்குக் காத்திருந்த எதிரணி மாணவரை நோக்கிப் பந்தை எறிந்து அவருடைய கண்குழி எலும்பை உடைத்தார். அவர்மீது குற்ற வழக்கு தொடரப்படவில்லை. அதே ஆண்டில் ஒரு பெரிய தொழில்முறை அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்வுசெய்தது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நீச்சல் வீரர் ஒருவர் பாலியல் தாக்குதல் வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பான பின்பும், நீண்ட சிறைவாசம் அவரைக் கடுமையாகப் பாதிக்கும் என்று கருதிய நீதிபதி 6 மாதச் சிறை மட்டுமே விதித்தார். வீரர் 3 மாதத்தில் வெளியே வந்தார். அந்த நீதிபதியை 2018-இல் வாக்காளர்களே பதவியிலிருந்து இறக்கினர். எங்கள் மேலாளர் மருத்துவமனை வாசலில் சொன்னதும் இதே வாதம்தான். அடித்தவரின் எதிர்காலம் எடைபோடப்படும் இடத்தில், அடிபட்டவரின் எதிர்காலத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பையனும் கபடி ஆட வந்தவன்தானே! கஞ்சி குடித்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதையும் இழந்தவன் அவன்.

ஆரம்பத்திலேயே தடுக்காவிட்டால் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம்மிடமே சான்றுகள் உண்டு. ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்கள் வென்ற மல்யுத்த வீரர் சுஷில் குமார், டெல்லி சத்ரசால் விளையாட்டரங்கில் இளம் வீரர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்த வழக்கில் 2021-இல் கைதானார். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. ஆனால் அந்த இளைஞர் உயிரிழந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது. கொள்ளிடத்தின் வடகரையில், சிதம்பரத்தில், 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை எங்கள் தலைமுறைப் பெற்றோர் மறக்கவில்லை. அதன் பிறகே 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதோடு, புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவரையே குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதும் சட்டம் அது. விடுதி நடத்துவோர் ஒவ்வொருவரும் அதைப் படித்திருக்க வேண்டும்.

மேலாளரின் அச்சம் முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. காவலர் பணிக்கான சரிபார்ப்பில் குற்ற வழக்கு பெருந்தடையாகும் என்பது உண்மை. ஆனால் வழக்கு என்றாலே சிறை என்று கிராமத்துப் பெற்றோரை மிரட்டுவது தவறு. 117(2) பிணையில் விடக்கூடிய பிரிவு. 21 வயதுக்குட்பட்டவரை இத்தகைய குற்றத்துக்கு இயன்றவரை சிறைக்கு அனுப்பக்கூடாது என்றே 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் சொல்கிறது. நன்னடத்தைப் பிணையில் விடவும், அடிபட்டவருக்கு இழப்பீடு தருமாறு உத்தரவிடவும், அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு வரும் தகுதியிழப்பு நேராமல் காக்கவும் அதில் இடமுண்டு. இளைஞன் மீது இரக்கம் காட்டும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் கேட்டறிந்து காட்டும் இரக்கம் வேறு, விடுதி அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் கட்டப்பஞ்சாயத்து வேறு. முடிவில் சமாதானமாகப் போவதானாலும், அந்த உரிமை அடிபட்டவருக்குத்தான் உண்டு, நிர்வாகத்துக்கு இல்லை.

பையனின் தந்தை புகார் கொடுத்தார். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே கிடைத்தது, ஏ.ஆர். நகலைக் காட்டிய பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பதைக்கூட 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் பேசித்தான் அவர் அறிந்துகொண்டார். பணம் செலுத்திச் சேர்ந்த விடுதி சொல்லாததைக் கட்டணமே வாங்காத ஒரு சேவை அவருக்குச் சொன்னது.

விடுதியின் நடத்தை இதற்குப் பிறகும் மாறவில்லை. அடித்தவர் ஒரு வாரம்கூட விலக்கி வைக்கப்படவில்லை. அடுத்த ஆட்டத்துக்கான அணியில் அவர் பெயர் முதலில் இருந்தது. களத்தில் வாயைப் பொத்தினால் அட்டை காட்டும் இடம், தாழ்வாரத்தில் தாடையை உடைத்தவரைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிறது. பயிற்சியாளர் மட்டும் மருத்துவமனைக்கு வந்து பையனின் படுக்கையருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்லவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்காகவே பயிற்சிக்கு ஐந்துக்கு நான்கரை தருகிறேன். விடுதி நிர்வாகத்துக்கு ஒன்றுக்கு மேல் தருவதற்கில்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். 9-ஆம் விதியைக் கோடிட்டு அடித்து, அருகில் சுருக்கொப்பமிட்டுக் கொடுங்கள். இந்தப் பருவத்தில் நாங்கள் சிலர் அப்படித்தான் கொடுத்தோம், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இரவில் விடுதியில் பொறுப்பாக இருப்பவர் யார், அவருடைய எண் என்ன என்பதையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு இதுவரை தரப்படவில்லை. அது கிடைக்கும்வரை என் அக்கா மகன் அங்கே தங்கப்போவதில்லை. மாலைப் பயிற்சிக்கு மட்டும் பேருந்தில் போய் வருகிறான்.