11 வருடம் கூடவே இருக்கும் கருவிகள்: கிட், ரிப்கிரெப், எஸ்க்யூலைட்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக், பில்லிங், ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. பெரும்பாலும் பைதான், லினக்ஸ். இந்த 11 வருடத்தில் ஆசையாக நிறுவி, ஆறு மாதம் பழகி, அப்புறம் மறந்துபோன கருவிகள் நிறைய. தங்கியவை கொஞ்சம். யோசித்துப் பார்த்தால், தங்கியவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. வேலை கெட்டுப்போன நாளில் வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்க்க விடுகின்றன. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்து வைக்கும் கருவி. லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற அதே மாதிரிக் கருவியின் இலவச அனுமதி போய்விட்டதால் 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது. அதே வருடத்திலிருந்து ஜூனியோ ஹமானோதான் பராமரிக்கிறார். நான் முதல் இரண்டு வருடம் அதை ஒரு பேக்கப் போலத்தான் பயன்படுத்தினேன். ஆட் (மாற்றத்தைத் தேர்ந்து வைப்பது), கமிட் (அதைப் பதிவது), புஷ், புல் (சர்வருக்கு அனுப்புவது, வாங்குவது). அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பிராஞ்சை, அதாவது தனியாகப் பிரித்து வைத்த கமிட் வரிசையை, சுத்தம் செய்கிறேன் என்று ரீபேஸ் செய்தேன். கமிட்களை வேறொரு இடத்தின் மேல் மறுபடி அடுக்குவது அது. மோதல் மேல் மோதல் வந்தது. பாதியில் குழம்பி, எல்லாவற்றையும் வேறொரு கமிட்டின் நிலைக்குத் தள்ளும் ‘ரீசெட் ஹார்ட்’ கொடுத்துவிட்டேன். அதையும் தவறான இடத்துக்கு. மூன்று நாள் வேலை திரையில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் எழுந்து வந்து கேட்டார்.

“கமிட் போட்டிருந்தியா?”

“போட்டேனுங்கக்கா. நாலஞ்சு கமிட்.”

“அப்ப எங்கயும் போயிருக்காது. ரெஃப்லாக் அடி.”

அடித்தேன். அன்று காலையிலிருந்து என் ஹெட் (நான் நிற்கும் கமிட்) எங்கெங்கே நகர்ந்ததோ, ஒவ்வொன்றும் வரிசையாக வந்தது. ரீபேஸுக்கு முன்பிருந்த கமிட்டின் குறியீடும் அதில் இருந்தது. அதை வைத்து ஒரு புது பிராஞ்ச் போட்டதும் மூன்று நாளும் திரும்பி வந்துவிட்டது. கை நடுக்கம் நிற்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

அதன் பிறகுதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். எந்தப் பிராஞ்சிலும் சேராமல் தொங்கும் கமிட்களின் பதிவை இயல்பு அமைப்பில் 30 நாளும், மற்றவற்றை 90 நாளும் ரெஃப்லாக் வைத்திருக்கும். அது உங்கள் கணினியில் மட்டும் இருப்பது. வேறு இடத்தில் புதிதாகக் குளோன் (முழு நகல்) எடுத்தால் அதோடு வராது. கமிட்டே போடாத மாற்றத்தை அது காப்பாற்றாது. ஆனால் ஆட் மட்டும் செய்திருந்தால், கோப்பின் உள்ளடக்கம் கிட்டுக்குள் எங்காவது கிடக்கும். ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையின் லாஸ்ட் ஃபவுண்ட் வழியில் தேடி எடுக்கலாம். பெயர் இருக்காது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு முறை அப்படியும் எடுத்திருக்கிறேன். இதனால் என் பழக்கமே மாறிவிட்டது. இப்போது டீ குடிக்கப் போகும் முன்னால் ஒரு கமிட். செய்தி கோணலாக இருந்தாலும் சரி, பிறகு திருத்திக்கொள்ளலாம்.

கிட்டில் எனக்கு இன்னும் பிடித்தது பைசெக்ட். ஒரு வாடிக்கையாளர் பில்லில் சிஜிஎஸ்டி ஒரு பைசா குறைகிறது என்று சொன்னார். ஒரு பைசாதான். ஆனால் ஆடிட்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். முந்தைய வெளியீட்டில் சரியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே சுமார் 700 கமிட். எங்கே என்று தேட? நல்ல இடம் இது, கெட்ட இடம் இது என்று சொல்லிவிட்டால் பைசெக்ட் பாதியில் போய் நிற்கும். சோதித்துச் சொன்னால் மறுபடி பாதி. 700 என்றாலும் பத்து தடவைக்குள் முடிந்துவிடும். அதைக்கூட நாம் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. ‘பைசெக்ட் ரன்’ என்று ஒரு சின்ன ஸ்கிரிப்டைக் கொடுத்தால் போதும். ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் நல்லது, 1 என்றால் கெட்டது, 125 என்றால் இந்தக் கமிட்டைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ என்று பொருள்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது விடை திரையில் இருந்தது. எங்கள் சொந்த முழுமையாக்கல் ஃபங்ஷனை எடுத்துவிட்டு, யாரோ நல்லெண்ணத்தில் பைதானின் ‘ரவுண்ட்’ போட்டிருந்தார்கள். 5 ரூபாய், அதாவது 500 பைசாவுக்கு 2.5 சதவீதம் என்றால் 12.5 பைசா. கடைக்காரர் கணக்கில் அது 13. பைதான் 3 சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், 12 என்றது. பைதானின் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கும் விஷயம்தான். அந்தக் கமிட்டில் நாலே வரி மாற்றம் இருந்ததால் பார்த்தவுடன் புரிந்தது. ஒரே கமிட்டில் நாற்பது கோப்பை மாற்றியிருந்தால், பைசெக்ட் கமிட்டைக் காட்டிய பிறகும் ஒரு நாள் போயிருக்கும். அதனால் ஒரு கமிட், ஒரு விஷயம் என்று இப்போது பிடிவாதமாக இருக்கிறேன், சக ஊழியர்களிடமும் கேட்கிறேன்.

கிட்டின் குறை, அதன் கட்டளைப் பெயர்கள். ‘செக்அவுட்’ ஒன்றே பிராஞ்சும் மாற்றும், கோப்பையும் அழித்து எழுதும். 2019-இல் ‘ஸ்விட்ச்’, ‘ரிஸ்டோர்’ என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் இந்த இரண்டை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்தது ரிப்கிரெப், கோப்புகளுக்குள் சொல் தேடும் கருவி. ஆண்ட்ரூ கேலண்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்டது. வேகத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உண்மைதான், எங்கள் மொத்த நிரலிலும் ஒரு சொல்லைத் தேடக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. நான் சொல்ல வேண்டியது அதன் ஒரு பழக்கத்தை. கிட்டைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று நாம் சொல்லும் கிட்இக்னோர் பட்டியலில் உள்ளவற்றையும், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும், எழுத்தாக இல்லாத பைனரி கோப்புகளையும் தானாகவே தவிர்த்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நமக்கு வேண்டியதும் அதுதான். மீதிப் பத்தில் மாட்டிக்கொள்வோம். ஒரு பழைய சர்வர் முகவரி எங்கிருந்து வருகிறது என்று அரை நாள் தேடினேன். ரிப்கிரெப் இல்லை என்றது, நானும் இல்லை என்றே நம்பினேன். முகவரி மறைகோப்பாக வைத்திருந்த அமைப்புக் கோப்பில் இருந்தது. மைனஸ் யூ ஒன்று போட்டால் இக்னோர் பட்டியலை மதிக்காது. இரண்டு யூ என்றால் மறைகோப்பும் சேரும். மூன்று என்றால் பைனரியும். ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் மூன்று யூ போட்டு இன்னொரு தடவை தேடாமல் நான் இப்போது எந்த முடிவுக்கும் வருவதில்லை.

டீமக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் போய், இணையம் அறுந்து, சர்வருடன் தொடர்பு விட்டாலும் அங்கே ஓடிய வேலை ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப இணைந்தால் விட்ட இடத்தில் இருப்போம். மணிக்கணக்கில் ஓடும் தரவு மாற்றத்தை டீமக்ஸ் இல்லாமல் தொடங்கவே மாட்டேன்.

ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்புகளைப் பிரித்துப் பார்க்க ஜேக்யூ. தினமும் பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: 1.6 பதிப்பும் அதற்கு முந்தையவையும் எண்களை எல்லாம், நீளமான எண்ணில் துல்லியம் இழக்கும் மிதவைப் புள்ளி வடிவமாக மாற்றிவிடும். 17 இலக்க ஆர்டர் எண் ஒன்றை மேற்கோள் குறி இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். ஜேக்யூ வழியாக வெளியே வந்தபோது கடைசி இலக்கம் வேறாக இருந்தது. 2023-இல் வந்த 1.7, நாம் கணக்குப் போட்டு மாற்றாதவரை எண்ணை அப்படியே வைக்கிறது. பழைய சர்வர்களில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எஸ்க்யூலைட், ஒரே கோப்பில் இருக்கும் தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கியது. உரிமம் என்றே ஒன்று கிடையாது, பொதுச் சொத்து. நம் பாக்கெட்டில் உள்ள ஃபோனில் தொடங்கி உலாவி வரைக்கும் உள்ளே இதுதான் ஓடுகிறது. 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவத்தை இன்றும் திறக்கலாம்; 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மென்பொருளில் ஒற்றைக் கணினிக் கடைகளுக்கு முழுத் தரவுத்தளமும் இதுதான். கடைக்காரரின் எல்லாக் கணக்கும் ஒரே கோப்பு. சிக்கல் என்றால் அந்தக் கோப்பை வாங்கி இங்கே திறந்து, அவர் பார்ப்பதையே நாங்களும் பார்க்கலாம். வேறு எந்த தரவுத்தளத்திலும் இந்த நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு அட்டவணை இன்னொன்றைச் சரியாகச் சுட்டுகிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் போட வேண்டும். எண் என்று அறிவித்த நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். 2021-இல் வந்த ஸ்டிரிக்ட் அட்டவணைகள் அதைத் தடுக்கின்றன. மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் டபிள்யூஏஎல் முறையில் வைத்தால் படிப்பவர்கள் எழுதுபவரைத் தடுக்க மாட்டார்கள், ஆனால் ஒரே நேரத்தில் எழுதுவது ஒருவர்தான். நெட்வொர்க் ஷேரில் கோப்பை வைத்து நாலு கணினியில் திறக்காதீர்கள்; கோப்பே கெட்டுப்போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் காப்பி அடித்து பேக்கப் எடுக்கவும் கூடாது. அதற்கென்றே பேக்கப் கட்டளை இருக்கிறது.

இதெல்லாம் கையேட்டில் இருப்பவை. தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் தாமாகவே முட்டிக்கொண்டு தெரிந்துகொள்வது வேறு ஒன்று. எஃப்டிஎஸ்5 என்கிற முழு உரைத் தேடலைப் போட்டுக்கொடுத்தோம். ஒரு கடையில் ‘நூல்’ என்று தேடினால் நெல்லை ஸ்டோர்ஸ் வருகிறது என்று ஃபோன் வந்தது. ‘துணி’ என்று தேடினால் தோணி வந்தது. முதலில் எங்கள் நிரல்தான் தப்பு என்று நினைத்தேன்.

காரணம் சொல்லைப் பிரிக்கும் விதத்தில் இருந்தது. எஃப்டிஎஸ்5-இன் இயல்பான பிரிப்பான், யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான கணினிக் குறியீட்டு முறை) எழுத்து என்றும் எண் என்றும் வகைப்படுத்தியவற்றை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘குறி’ என்ற வகை. அவற்றைக் காற்புள்ளி போல, இடைவெளி போலப் பாவித்துவிடுகிறது. ஆக ‘நூல்’ அதற்கு ந, ல என்ற இரண்டு துண்டு. ‘நெல்லை’ ந, ல, ல. தேடியது உள்ளே இருக்கிறதே! அட்டவணையை உருவாக்கும்போது ‘கேட்டகரீஸ்’ என்ற அமைப்பில் எம்என், எம்சி ஆகிய குறி வகைகளையும் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரே வரி. தமிழில் எஃப்டிஎஸ்5-ஐ இந்த இயல்பான பிரிப்பானோடு பயன்படுத்தும் எல்லோரும் இந்த ஒரு வரியைப் போட்டே ஆக வேண்டும்.

அதோடு முடியவில்லை. ‘கொள்முதல்’ என்ற சொல் சில பதிவுகளில் மட்டும் அகப்படவில்லை. திரையில் பார்த்தால் ஒரே மாதிரி. உள்ளே உள்ள பைட்களைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் போட்டுப் பார்த்தேன். ஒரு பதிவில் ‘கொ’ 6 பைட், இன்னொன்றில் 9 பைட். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாக வைத்தால் 6. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஏற்றிய பதிவுகளில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன, அதனால் 9. பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள என்எஃப்சி சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஆனால் அது ‘ஸ்ரீ’யைத் தொடாது. அதை வழக்கமான ஸகரத்திலும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலும் எழுதலாம்; பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். எங்கள் ஊரில் எத்தனை கம்பெனிப் பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஃபோனில் அடித்தது ஒரு விதம், கணினியில் அடித்தது இன்னொரு விதம். ஒரே வாடிக்கையாளர் இரண்டு பேராகி, பாக்கித் தொகையும் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடிப்பதும் அப்படித்தான். இவற்றுக்கு நாங்களே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் ஓட விடுகிறோம். மூன்று வருடத்தில் அந்தப் புகார் திரும்ப வரவில்லை.

இவ்வளவையும் கண்டுபிடிக்க உதவியது எஸ்க்யூலைட்டின் ஆவணங்கள். எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது, எப்போது வேறு தரவுத்தளத்துக்குப் போகலாம் என்றும் எழுதியிருக்கும் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெவ்டாக்ஸ் தளத்தில் பைதான் முதலான பல ஆவணங்களை இணையம் இல்லாமலும் படிக்கும்படி இறக்கிக்கொள்ளலாம், அதையும் லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களையும் கேட்கிறேன். அவை தரும் கட்டளையைக் கையேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் ஓட விடுகிறேன். வாடிக்கையாளரின் கணக்கு அது.

இந்த மாதம் எஃப்டிஎஸ்5-இன் டிரைகிராம் பிரிப்பானைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லை மூன்று மூன்று யூனிகோட் குறியீடாக (எழுத்து ஒன்று, அதன் கொம்போ புள்ளியோ ஒன்று என்று எண்ணி) வெட்டி வைப்பதால், சொல்லின் நடுவில் இருப்பதையும் தேட முடிகிறது. ‘துணி’ நாலு குறியீடு, ‘நூல்’ நாலு குறியீடு, இரண்டும் கிடைக்கின்றன. அட்டவணை பெரிதாகிறது, அது பரவாயில்லை. ‘பை’ இரண்டே குறியீடு என்பதால் அகப்படவில்லை. பை தைத்துக் கொடுக்கும் கம்பெனிகளும் நம்மிடம் இருக்கிறார்கள், அதற்கு மட்டும் பழைய அட்டவணையைக் கூடவே வைத்திருக்கிறேன்.