பாம்பன் பாலத்தடி டீக்கடை: சாயங்காலத்தைக் கடக்க ஓர் இடம்

கஞ்சாவை விட்டு ஏழு மாதம் ஆகிறது. மருத்துவமனையில் இருந்தவரை சமாளித்துவிட்டேன், வீட்டுக்கு வந்தபிறகுதான் கஷ்டம், அதுவும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க, வேலையும் இல்லாமல், பழைய கூட்டாளிகளையும் தவிர்த்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் நகரவே நகராது.

அப்போது கிடைத்ததுதான் இந்தச் சின்னக் கடை. சுக்குக் காபி நல்ல காரம், பருப்பு வடை சுமார். ஆனால் நான் போவது அதற்கில்லை. கடைக்கார அண்ணன் எதையும் துருவிக் கேட்கமாட்டார், "வா தம்பி, இந்த வலையைக் கொஞ்சம் பிடி" என்று பக்கத்தில் கிழிசல் பின்னுகிற பெரியவரிடம் உட்கார வைத்துவிடுவார். கைக்கு வேலை, காதுக்குப் பேச்சு, இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பலுக்காக மேலே தூக்கும்போது கடையே எழுந்து நின்று பார்க்கும்.

ஒரு குறை, சிகரெட்டும் விற்கிறார்கள். என்னைப் போல மீண்டு வருகிறவர்களுக்கு அந்தப் புகை பெரிய சோதனை, அதனால் காற்று வரும் பக்கமாக உட்காருங்கள். ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். அப்புறமும் மனம் அலைந்தால் 14446க்குப் பேசுவேன், போதை மீட்புக்கான இலவச எண் அது.