கழுத்து, தோள் வலி: தைலமா, மாத்திரையா, ஃபிசியோவா, இரண்டு நிமிட எக்சர்சைஸ் பேண்டா?

வடசென்னை தண்டையார்பேட்டையில் கழுத்து வலி என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பர்மா பஜார் கோடாலித் தைலம் என்பார் ஒருவர். மெடிக்கலில் ஒரு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போடு என்பார் இன்னொருவர். எதிர்வீட்டு அக்காவுக்குப் புத்தூர் கட்டு மேல்தான் நம்பிக்கை. இவற்றில் பெரும்பாலானவை போட்ட அன்றைக்குக் கொஞ்சம் சுகம் தருவதால் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று தெரிவதில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளைகளையும் பார்ப்பவர்களுக்கு நான் மூன்று கேள்விகள் வைப்பேன். சுகம் எத்தனை நேரம் தாங்கும்? பிள்ளையை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா? அடுத்த மாதமும் அதே வலி வருமா?

முதலில் எந்த வலி என்று சொல்லிவிடுகிறேன். பின்கழுத்தில் தொடங்கித் தோள் முனை வரை விரியும் ட்ரபீசியஸ் என்ற தசை இறுகிப்போய் வரும் வலி. காலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்கு ஏற்றுகிறோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தோளை உயர்த்திக்கொண்டே வண்டி ஓட்டுகிறோம். பாரிமுனை ஆபீஸில் காதுக்கும் தோளுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு டைப் அடிக்கிறோம். சாயங்காலம் தரையில் உட்கார்ந்து குனிந்தபடி ஹோம்வொர்க் பார்க்கிறோம். தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. அது முன்னால் சாயச் சாய, பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைக்கு ஓய்வே கிடையாது. 1, 2-ஆம் வகுப்புப் பிள்ளையின் பை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு சொன்னது. இரண்டு பிள்ளைகளின் பையும் அம்மாவின் ஒரே தோளில் தொங்கினால் எவ்வளவு என்று அதில் இல்லை.

தைலமும் ஒத்தடமும்

தைலத்தின் பலம் வேகம். அமிர்தாஞ்சன் 1893-இல் இருந்து வீடுகளில் இருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. மென்தால் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடும். மீத்தைல் சாலிசிலேட் உள்ள தைலமாக இருந்தால் சூடும் சேரும். மூளைக்கு இந்தச் சேதிகள் போவதால் வலிச் சேதி கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. தசையின் இறுக்கம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். எரிச்சல் அடங்கியதும் வலி திரும்பிவிடும்.

பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் தைலம் பூசும் அதே தோளில்தான் கைக்குழந்தை கன்னத்தை வைத்துத் தூங்குகிறது. கற்பூரம், மென்தால் கலந்த தைலங்கள் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே போகவே கூடாது. மூச்சுக்குத் தொந்தரவு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மீத்தைல் சாலிசிலேட் தைலத்தை அள்ளிப் பூசுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஒத்தடத்துக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கல்லுப்பை வெறும் வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத் தோளில் வைப்பது. ஹாட் வாட்டர் பேக் இருந்தால் இன்னும் சுலபம். பதினைந்து, இருபது நிமிடம் வைத்தால் இரத்த ஓட்டம் கூடி, தசை தளர்ந்து கொடுக்கும், தூக்கமும் வரும். குழந்தையை ஒட்டிப் படுத்தாலும் பிரச்சினை இல்லை. இரண்டில் ஒன்று என்றால் ராத்திரிக்கு என் ஓட்டு ஒத்தடத்துக்கு. ஆனால் தைலம் பூசிய இடத்தில் சூடு வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சர்க்கரையால் தொடு உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை இன்னொருவர் கையால் சோதித்துக்கொள்வது நல்லது.

மாத்திரை

மெடிக்கல் கடையில் அட்டையில்லாமல் ஒரு காகிதக் கவரில் போட்டுத் தரும் 'செட்' மாத்திரையை முதலில் ஒதுக்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டாக்டர் எழுதித் தரும் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகையறா நிஜமாகவே வலியைக் குறைக்கும். திருப்பவே முடியாமல் கழுத்து பிடித்துக்கொண்ட இரண்டு மூன்று நாளைக்கு அது உதவி. தொடர்ந்து போட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, பிபி ஏறுவது என்று வரிசையாக வரலாம். தசை தளர்த்தும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் பலருக்குத் தூக்கம் தூக்கமாக வரும். மறுநாள் காலை வண்டியில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டியவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

2012-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கழுத்து வலிக்காரர்கள் 272 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்து, ஒரு பிரிவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் கையால் முதுகெலும்பை அசைத்துத் தரும் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்கு வீட்டில் செய்யும் பயிற்சி. 12 வாரம் கழித்துப் பார்த்தால் கை சிகிச்சை மருந்தை முந்தியிருந்தது. வீட்டுப் பயிற்சியோ கை சிகிச்சைக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. காசு செலவில்லாத பிரிவு இவ்வளவு தூரம் வந்ததுதான் எனக்குச் சுவாரசியம்.

கை சிகிச்சை என்றதும் சலூன் நெட்டியை நினைக்க வேண்டாம். முடி வெட்டியபின் தலைக்கும் தோளுக்கும் மசாஜ் செய்வது வரை சுகம்தான். "சார், நெட்டி எடுத்துடவா?" என்று தாடையில் கை வைத்தால் "வேணாம்ணே" என்று எழுந்துவிடுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புத் துளைகள் வழியாக ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் ஒரு சொடக்குச் சத்தத்துக்காக அந்த ஆபத்து எதற்கு?

புத்தூர் கட்டும் கழுத்துப் பட்டையும் அசையாமல் வைப்பதற்கானவை. தசைப் பிடிப்புக்கு வேண்டியது அசைவு. அதனால் இரண்டும் இந்தப் போட்டியில் இல்லை. மசாஜ் கன், சுகத்துக்கு ஓகே. முன்கழுத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ஃபிசியோவும் பேண்டும்

நிஜப் போட்டி இந்த இரண்டுக்கும்தான். தெருமுனை ஃபிசியோதெரபி கிளினிக்கில் தோளில் நான்கு பேட் ஒட்டிக் 'கரன்ட்' வைப்பார்கள், அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், சிலருக்குக் கழுத்தை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் போடுவார்கள். கரன்ட் வைக்கும்போது சுகமாகவே இருக்கும். ஆனால் மெஷின்களால் மட்டும் நீண்ட நாள் பலன் வரும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. ஃபிசியோவிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியது அவருடைய கையும் கண்ணும். எந்தத் தசை இறுகியிருக்கிறது, எது பலவீனமாக இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற பயிற்சி சொல்லித் தருவது.

இடைஞ்சல் நேரம். தனியார் கிளினிக் சாயங்காலம் திறந்திருந்தாலும் அதே நேரத்தில் வீட்டில் பிள்ளைக்குப் பசிக்கும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லை, ஆனால் ஓபி காலையில்தான். லீவு போடாமல் முடியாது. ஆகவே பத்து சிட்டிங் பேக்கேஜுக்குத் தலையாட்டுவதற்கு முன், முதல் சிட்டிங்கிலேயே "வீட்டில் செய்ய மூன்று பயிற்சி சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். நல்லவராக இருந்தால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.

பேண்ட் என்பது விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் ரப்பர் எக்சர்சைஸ் பேண்ட். 2011-இல் டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவு தினம் 2 நிமிடம், இன்னொரு பிரிவு 12 நிமிடம், வாரம் ஐந்து நாள், 10 வாரம். பயிற்சி செய்யாதவர்களைவிட இரண்டு பிரிவுக்குமே வலி நன்றாகக் குறைந்தது. இரண்டே நிமிடம் செய்தவர்களும் பெரிதாகப் பின்தங்கவில்லை. நேரமில்லை என்று சொல்லும் நமக்காகவே செய்த ஆய்வு போல இருக்கிறது.

முறை எளிது. பேண்டின் நடுவை இரண்டு காலாலும் மிதித்து நின்று, முனைகளைக் கையில் பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில், சற்றே முன்பக்கமாக, தோள் உயரம் வரை தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். கை தளரும் வரை, அதிகபட்சம் இரண்டு நிமிடம். தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. குக்கர் விசில் வருவதற்குள் முடிந்துவிடும். பேண்ட் இல்லையென்றால் கைக்கொரு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். பழகியதும் பேண்டை இன்னும் குறுக்கிப் பிடித்தால் கனம் கூடும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் வாரம் தசை வலி கொஞ்சம் கூடவே தெரியும். பலன் தெரிய சில வாரம் ஆகும். இன்று ராத்திரி தூங்க இது உதவாது, அதற்கு ஒத்தடம்தான். அப்படியும் அடுத்த மாதமும் அதே வலி வருமா என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலில் ஒழுங்காகப் பதில் சொல்வது இது ஒன்றுதான். அதனால் என் தேர்வு: தினம் பேண்ட், வலிக்கும் ராத்திரி ஒத்தடம், ஃபிசியோவிடம் ஓரிரு தடவை கற்றுக்கொள்ள மட்டும்.

இவை எதுவும் பொருந்தாத வலிகளும் உண்டு. கை மரத்துப்போவது, பிடித்த டம்ளர் நழுவுவது, நடை தடுமாறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்து அடிபட்டபின் வருவது, இவற்றுக்கெல்லாம் உடனே டாக்டர். நெஞ்சு அடைத்து, வியர்த்து, இடது தோளுக்கும் தாடைக்கும் வலி பரவினால் நேரே 108. ஜாக்கெட் கொக்கி போடக் கை பின்னால் போகவில்லை, தலை வாரக் கை மேலே ஏறவில்லை என்றால் அது தோள் மூட்டே இறுகும் ஃப்ரோஸன் ஷோல்டராக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், பயிற்சியும் வேறு. பேண்டைத் தொடுவதற்கு முன் ஆர்த்தோ (எலும்பு) டாக்டரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.